விவாதம்: பெருவின் அபிமாயல் குஸ்மான் – ஒரு தத்துவப் பேராசிரியர் விட்டுப்போனது என்ன?

மலைப்பாதை எழுதியது:

1980 டிசம்பர் 26. விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிய பெருவின் தலைநகர் லிமாக்காரர்கள், விளக்குக் கம்பங்களில் செத்த நாய்கள் தொங்குவதைப் பார்த்தார்கள். கூடவே, சீனாவில் மாவோவின் வழியை மாற்றிய டெங் சியாவோபிங்கை வசைபாடும் எழுத்து. பஸ்ஸுக்கு நின்றவர்களில் எத்தனை பேருக்கு டெங் யாரென்று தெரிந்திருக்கும்? அன்று மாவோவின் பிறந்தநாள் என்பதும் யாருக்கு உறைத்திருக்கும்? ஏதோ கிறுக்குப் பிடித்த கூட்டம் என்று போலீஸ்காரர்கள் நாய்களை அவிழ்த்து இறக்கினார்கள். குஸ்மானின் அந்தக் கூட்டம் தொடங்கிவைத்த போரில் அடுத்த இருபது ஆண்டுகளில் செத்தவர்கள் சுமார் 69,000 பேர் என்று உண்மை அறியும் ஆணையம் 2003ல் கணக்குச் சொன்னது.

வேறொரு இழையில் ஒரு நண்பர், ‘தலைவனைப் பிடித்தால் கதை முடிந்தது’ என்று எழுதியிருந்தார். அதற்குப் பதிலாகத்தான் இதைத் தனியாகத் தொடங்குகிறேன்.

அபிமாயல் குஸ்மான் 1934ல் பெருவின் தெற்குக் கடற்கரையில் பிறந்தார். வசதியான வியாபாரி ஒருவருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. அம்மா சிறுவயதிலேயே விட்டுப்போய்விட, அரெக்கிப்பாவில் அப்பா வீட்டில் வளர்ந்தார். நல்ல படிப்பாளி. வெளி பற்றிய கான்ட்டின் கோட்பாட்டை ஆராய்ந்து தத்துவத்தில் ஓர் ஆய்வேடு, சட்டத்தில் இன்னொன்று. 1962ல் அயாகுச்சோ மலைநகரில் உள்ள வமாங்கா பல்கலைக்கழகத்தில் தத்துவம் சொல்லித்தரப் போனார். அறுபதுகளில் சீனாவுக்கும் போய்வந்தார். கம்யூனிஸ்ட் கட்சி உடைந்து, உடைந்த துண்டு மறுபடி உடைந்து, கடைசியில் அவர் கையில் மிஞ்சிய சின்னத் துண்டுதான் ‘ஒளிரும் பாதை’, ஸ்பானிய மொழியில் செந்தெரோ லுமினோசோ. இயக்கத்தில் அவர் பெயர் ‘தலைவர் கோன்சாலோ’. மார்க்ஸ், லெனின், மாவோவுக்குப் பிறகு மார்க்சியத்தின் ‘நான்காவது வாள்’ அவர்தான் என்று தொண்டர்கள் சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை.

முதல் தாக்குதல் நாய்களுக்கு ஏழு மாதம் முந்தியது. 1980 மே 17, அயாகுச்சோ பகுதியில் சுஸ்ச்சி என்ற கிராமம். முகமூடி போட்ட இளைஞர்கள் வாக்குப்பெட்டிகளை எரித்தார்கள். மறுநாள் தேர்தல். பன்னிரண்டு ஆண்டு ராணுவ ஆட்சிக்குப் பின் வந்த முதல் பொதுத்தேர்தல் அது. அதைவிட முக்கியம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தல். அதாவது மலையில் இருந்த கெச்சுவா மொழிக் குடியானவர்கள் பெரும்பாலோர் வாழ்க்கையில் முதன்முதலாக ஓட்டுப் போடப் போன நாள். ‘உங்களுக்காகத்தான் போராடுகிறோம்’ என்று வந்தவர்கள் முதலில் எரித்தது அந்தப் பெட்டியை. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறுவதில்லை.

சரி, நீங்கள் சொல்லுங்கள். அவர் விட்டுப்போனது என்ன?

கயல் எழுதியது:

நல்ல இழை, அண்ணா. ஒரு சந்தேகம். கான்ட் படித்த வாத்தியார் ஒருவர் மலைக்கிராமத்துப் பிள்ளைகளை எப்படிப் பிடித்தார்? அவருக்குக் கெச்சுவா தெரியுமா?

மலைப்பாதை எழுதியது:

அவர் போய்ப் பிடிக்கவில்லை, கயல். அவர் மாணவர்கள் போனார்கள். அயாகுச்சோ நாட்டிலேயே மிக ஏழ்மையான வட்டாரங்களில் ஒன்று. வமாங்கா பல்கலைக்கழகம் 1677ல் தொடங்கி, நெடுங்காலம் பூட்டிக் கிடந்து, 1959ல்தான் மறுபடி திறந்தது. கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் அங்கே ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தார்கள். படித்து முடித்தால் வேலையும் கிராமத்துப் பள்ளியில்தான். ஊரில் ஸ்பானிய மொழி சரளமாகப் பேசும் ஒரே ஆள் பள்ளிக்கூட வாத்தியார், அவர் வாயில் குஸ்மானின் பாடம். அப்பா அம்மாவைப் போல நிலத்தைக் கிளறவும் மனமில்லை, லிமாவில் இவர்களை மதிப்பாரும் இல்லை. அந்த இடைவெளியில் போய் ‘எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது, அறிவியல்பூர்வமான விடை’ என்று ஒருவர் சொன்னால்?

பெண்களும் நிறைய. எடித் லாகோஸ் என்ற பெண் 1982ல் போலீஸோடு நடந்த மோதலில் செத்தபோது வயது 19. சவ ஊர்வலத்தில் அயாகுச்சோ நகரமே திரண்டது. அந்த ஆரம்ப ஆண்டுகளில் மக்களிடம் அனுதாபம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆடு திருடுபவனையும் மனைவியை அடிப்பவனையும் கூப்பிட்டுத் தண்டித்தார்கள். ஊரில் அதற்கு வேறு நாதி இல்லை. அப்புறம் தண்டனை கொலையானது. வாரச்சந்தை கூடாது, உங்களுக்குத் தேவையானதை மட்டும் விளைவியுங்கள், நகரத்தைப் பட்டினி போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. சந்தையில் விற்றால்தானே உப்பும் மண்ணெண்ணெயும் வாங்க முடியும்? அங்கேதான் குடியானவர்கள் விலக ஆரம்பித்தார்கள்.

செங்காற்று எழுதியது:

தோழர் ஒரு பக்கத்தை மட்டும் நீட்டி எழுதுகிறார். 1982 டிசம்பரில் அதிபர் பெலாவுந்தேயின் அரசு அயாகுச்சோவை ராணுவத்திடம் ஒப்படைத்ததே, அதைச் சொல்ல வேண்டாமா? அக்கோமார்க்காவில் 1985ல் ராணுவம் கொன்ற கிராமத்தார் 69 பேர். 1986 ஜூனில் சிறைகளில் கிளர்ச்சி செய்தவர்களில் இருநூறுக்கு மேல் கொல்லப்பட்டார்கள், பலர் சரணடைந்த பிறகு. நிலமில்லாதவன் ஆயுதம் எடுத்தால் பயங்கரவாதி, சீருடை போட்டவன் செய்தால் நடவடிக்கையா?

முத்து_லிமா எழுதியது:

செங்காற்று, ராணுவம் செய்ததில் ஒன்றுகூடப் பொய் இல்லை. இன்னொன்றை நானே சேர்க்கிறேன். 1984 டிசம்பரில் புத்திஸ் என்ற இடத்தில், செந்தெரோவுக்குப் பயந்து மலைமேல் ஒளிந்திருந்தவர்களைப் பாதுகாப்புத் தருகிறோம் என்று ராணுவம் கீழே வரச்சொன்னது. மீன் வளர்க்கக் குளம் வெட்டுங்கள் என்றது. வெட்டினார்கள். அந்தக் குளத்திலேயே அவர்களைச் சுட்டு மூடியது. 2008ல் தோண்டியபோது 92 பேரின் எலும்புகள் கிடைத்தன.

ஆனால் நீங்கள் லுக்கானமார்க்காவை விட்டுவிட்டீர்களே.

1983 ஏப்ரல் 3. அந்த ஊர்க்காரர்கள் செந்தெரோவின் உள்ளூர்த் தலைவன் ஒருவனைக் கொன்றுவிட்டார்கள். பழிவாங்க வந்தவர்கள் 69 பேரைக் கொன்றார்கள், அதில் குழந்தைகள் 18. கோடாரி, வெட்டுக்கத்தி, கல், கொதிக்கும் தண்ணீர். 1988ல் குஸ்மான் ஒரு பத்திரிகைக்கு நீண்ட பேட்டி கொடுத்தார். அதில் லுக்கானமார்க்கா தலைமை எடுத்த முடிவு என்று ஒப்புக்கொண்டார். அத்துமீறல் நடந்தது என்றும் சொன்னார், எதிரிக்குப் புரியவைக்க அது தேவைப்பட்டது என்றும் சொன்னார். கட்சி வகுப்புகளில் ‘ஒதுக்கீடு’ என்று ஒரு சொல் உண்டு. புரட்சிக்காக ஒவ்வொருவரும் தரவேண்டிய உயிரின் பங்கு. நிலமில்லாதவன் ஆயுதம் எடுத்தான் என்கிறீர்கள். லுக்கானமார்க்காவில் வெட்டுப்பட்டவன் யார்? அவனும் அதே மலைக் குடியானவன்தானே.

நான் ஆறு வருடமாக லிமாவில் சுரங்க இயந்திரங்கள் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். போன வருடம் வேலையாக அயாகுச்சோ போனேன். அங்கே காணாமல் போனவர்களின் தாய்மார்கள் சங்கம் வைத்திருக்கும் சின்ன அருங்காட்சியகம் ஒன்று உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் சட்டைகள். புதைகுழியிலிருந்து எடுத்த எலும்பை யாராலும் அடையாளம் சொல்ல முடியவில்லை. ஆனால் ஸ்வெட்டரைப் பார்த்ததும் ‘இது நான் பின்னியது, இந்த இடத்தில் நூல் தீர்ந்துபோய் வேறு நிறம் போட்டேன்’ என்று சொல்லிவிடுவார்களாம். காட்டிக்கொண்டு வந்த அம்மா இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். என்னால்தான் நகர முடியவில்லை.

அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அங்கேலிக்கா மெந்தோசா. எல்லோருக்கும் ‘மாமா அங்கேலிக்கா’. 1983 ஜூலையில் அவர் மகனை வீட்டிலிருந்து ராணுவம் இழுத்துப்போனது. ‘கொல்லாதே’ என்று எழுதிய சிலுவையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பெண்கள் ஊர்வலம் போனார்கள். இரண்டு பக்கமும் அவர்களைச் சந்தேகித்தது.

ராஜகோபால்_திருச்சி எழுதியது:

உணர்ச்சிவசப்படுவது இருக்கட்டும். நடைமுறையைப் பேசுவோம். பத்து வருடம் ஜனநாயகம் பேசி என்ன சாதித்தார்கள்? அதிபராக ஃபுஜிமோரி வந்தார், 1992 ஏப்ரலில் நாடாளுமன்றத்தைப் பூட்டினார், செப்டம்பரில் குஸ்மான் கூண்டில். இரும்புக் கரம்தான் வேலை செய்தது. ஒப்புக்கொள்ள ஏன் கஷ்டம்?

மலைப்பாதை எழுதியது:

ராஜகோபால் சார், இந்தக் கணக்கை பெருவிலும் பலர் இப்படித்தான் போடுகிறார்கள். ஃபுஜிமோரி கட்சி இன்றுவரை அதை வைத்துத்தான் ஓட்டுக் கேட்கிறது. ஆனால் பிடித்த கதையைக் கேளுங்கள்.

குஸ்மானைத் தேடியது ஜெய்ன் என்ற சின்னப் போலீஸ் பிரிவு. தொடங்கியது 1990 மார்ச்சில், ஃபுஜிமோரி பதவிக்கு வருவதற்கு முன்னால். பெனதிக்தோ ஹிமேனஸ் என்ற அதிகாரியும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களும். காசில்லை, வண்டியில்லை. அவர்கள் முறை எளிது: யாரையும் உடனே பிடிக்காதே, பின்தொடர்ந்து போ. ஒருவன் இன்னொருவனிடம் கொண்டுபோய் விடுவான். சித்திரவதை இல்லை. 1991ல் ஒரு வீட்டில் ஒளிநாடா கிடைத்தது. கிரேக்க இசைக்குத் தள்ளாடி ஆடிக்கொண்டிருக்கிறார் தலைவர் கோன்சாலோ. பல ஆண்டுகளாக அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் இருந்த நாடு அவரைக் கொழுத்த, தாடி வைத்த மனிதராக அன்றைக்குத்தான் பார்த்தது.

கடைசியில் வந்து நின்ற இடம் லிமாவில் சுர்கீயோ பகுதியில் ஒரு மாடி வீடு. கீழே மரித்சா கர்ரிதோ லெக்கா என்ற நடனக்காரியின் பள்ளி. ஜெய்ன் ஆட்கள் துப்புரவுத் தொழிலாளிகளாக வேடம் போட்டு அந்த வீட்டுக் குப்பையை எடுத்துப்போய்க் கிளறினார்கள். சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கான மருந்து. குஸ்மானுக்கு அந்த நோய் இருப்பது தெரியும். அவர் பிடிக்கும் வின்ஸ்டன் சிகரெட்டின் துண்டுகள். அந்தப் பெண்ணுக்கோ புகைப் பழக்கமே இல்லை. இரண்டு பேர் சாப்பிடும் வீட்டுக்கு அதிகமான சாப்பாட்டு மிச்சம். எதிரே இரண்டு போலீஸார் காதலர்கள் போல நின்று காவல் காத்தார்கள். 1992 செப்டம்பர் 12 இரவு, விருந்தாளிகள் வெளியே வரக் கதவு திறந்ததும் உள்ளே பாய்ந்தார்கள். மாடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு உயிர் போகவில்லை.

அந்த நேரத்தில் இரும்புக் கரம் எங்கே? மீன் பிடிக்கப் போயிருந்தது. ஃபுஜிமோரிக்கே பிற்பாடுதான் தகவல். போகட்டும், கோடு போட்ட கைதி உடையில் கூண்டுக்குள் நிறுத்தி, செப்டம்பர் 24 அன்று பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுக் காட்டியது மட்டும் அவர் ஏற்பாடு. குஸ்மான் அதையும் மேடையாக்கிக்கொண்டு, இது பாதையில் ஒரு வளைவு மட்டுமே என்று கத்தினார். அடுத்த ஆண்டே ஜெயிலிலிருந்து சமாதானம் கேட்டுக் கடிதம் எழுதினார், அது வேறு கதை.

ஃபுஜிமோரி தன் பங்குக்கு வைத்திருந்தது கொலினா என்ற கொலைப்படை. 1991ல் லிமாவின் பாரியோஸ் ஆல்தோஸ் பகுதியில் விருந்தில் இருந்த 15 பேரைச் சுட்டது, அதில் எட்டு வயதுப் பையனும் உண்டு. அதற்கும் 1992ல் லா கான்தூத்தா பல்கலைக்கழகத்தின் ஒன்பது மாணவர்களும் ஒரு பேராசிரியரும் கொல்லப்பட்டதற்கும்தான் 2009ல் ஃபுஜிமோரிக்கு 25 ஆண்டுகள் கிடைத்தது. அந்தப் படை குஸ்மானை நெருங்கவே இல்லை. குப்பையைக் கிளறியவர்கள்தான் நெருங்கினார்கள்.

ராஜகோபால்_திருச்சி எழுதியது:

குப்பைக் கதை எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிராமங்களில் செந்தெரோவை ஒழித்தது யார்? அங்கே குப்பைத்தொட்டி கிடையாதே?

மலைப்பாதை எழுதியது:

நல்ல கேள்வி. ரோந்தா. குடியானவர்களே அமைத்துக்கொண்ட ஊர்க்காவல். ஈட்டியும் குழாயில் செய்த நாட்டுத் துப்பாக்கியுமாகத் தொடங்கியது. சில இடங்களில் ராணுவம் கட்டாயப்படுத்தியது, சில இடங்களில் அவர்களாகவே. 1991ல் அரசு அவர்களுக்குத் துப்பாக்கி விநியோகிக்கத் துணிந்தது. போராளி மீன், மக்கள் தண்ணீர் என்று மாவோ சொன்ன உவமை உங்களுக்குத் தெரியும். இங்கே தண்ணீரே மீனை வெளியே எறிந்தது. ரோந்தாக்களும் கொடுமைகள் செய்திருக்கின்றன, அதுவும் ஆணையத்தின் அறிக்கையில் இருக்கிறது.

நகரத்தில் இதற்கு இணையாக எனக்குத் தோன்றுவது மரியா எலேனா மொயானோ. லிமா ஓரத்து மணற்காட்டில் குடியேறியவர்கள் கட்டிய ஊர் வீயா எல் சால்வதோர். அங்கே குழந்தைகளுக்குத் தினம் ஒரு குவளை பால் தரும் திட்டத்தை நடத்திய பெண்களின் தலைவி. இடதுசாரி, கறுப்பினப் பெண். செந்தெரோ அறிவித்த ஆயுத வேலைநிறுத்தத்தை எதிர்த்து வெள்ளைக்கொடியோடு ஊர்வலம் போனார். மறுநாள், 1992 பிப்ரவரி 15, சுட்டுக் கொன்று உடலை டைனமைட் வைத்துச் சிதறடித்தார்கள். வயது 33. பால் கொடுத்தால் ஏழைக்குக் கோபம் தணிந்துவிடும், புரட்சி தள்ளிப்போகும் என்பது அவர்கள் வாதம்.

செங்காற்று எழுதியது:

மொயானோ கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. எந்த இடதுசாரியும் நியாயப்படுத்த மாட்டான். ஆனால் 69,000 என்ற எண் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆணையத்திடம் பெயரோடு பதிவானவர்கள் 23,969 பேர்தான். மீதி புள்ளியியல் மதிப்பீடு. அதை எல்லோரும் எண்ணிப் பார்த்தது போல எழுதுகிறார்கள்.

இன்னொன்று. நேபாள மாவோயிஸ்டுகளும் பெருவைப் பார்த்துத்தான் 1996ல் தொடங்கினார்கள். ‘கோன்சாலோ சிந்தனை’ மாதிரியே தங்கள் தலைவர் பெயரில் ‘பிரசண்டா பாதை’ என்று பெயரும் வைத்தார்கள். ஆனால் 2006ல் சமரசம், 2008ல் பிரசண்டா பிரதமர். ஆக எல்லாப் பழியையும் கொள்கை மேல் போட முடியாது.

மலைப்பாதை எழுதியது:

எண்ணில் நீங்கள் சொல்வது சரி, அது மதிப்பீடுதான். ஆனால் 69,000 செத்ததாக மதிப்பிட்ட பிறகுதான், அதுவரை தேசிய அளவில் பேசப்பட்டது அதில் பாதிகூட இல்லை என்பது லிமாவுக்கே தெரிந்தது. பதிவானவர்களில் நான்கில் மூன்று பங்கினரின் தாய்மொழி கெச்சுவா அல்லது வேறு பழங்குடி மொழி. அவர்கள் இல்லாமல் போனதையே நாடு கவனிக்கவில்லை. காட்டுப்பகுதியில் அஷானிங்கா பழங்குடி மக்களில் 6,000 பேர் செத்தார்கள், 5,000 பேர் செந்தெரோவின் முகாம்களில் அடிமையாக இருந்தார்கள் என்பதும் மதிப்பீடுதான். பதிவான மரணங்களில் 54 சதவீதத்துக்கு ஒளிரும் பாதைதான் காரணம் என்று ஆணையம் சொன்னது. லத்தீன் அமெரிக்காவில் மற்ற நாடுகளில் அரசுதான் பெரும்பாலும் அதிகம் கொன்றிருக்கும். இங்கே கிளர்ச்சிக்காரர்கள் முந்திவிட்டார்கள்.

நேபாளம் நல்ல ஒப்பீடு. பிரசண்டாவுக்கு எதிராளியோடு பேசத் தெரிந்தது. குஸ்மானுக்குப் பிடிபட்ட பிறகுதான் பேசத் தோன்றியது. அதுவரை நாற்காலி லிமாவில், செத்தவர்கள் மலையில். போர்க்காலத்தில் பெரும்பகுதியை அவர் லிமாவின் வசதியான வீடுகளில்தான் கழித்தார்.

முத்து_லிமா எழுதியது:

தலைப்புக்கு வருகிறேன். விட்டுப்போனது என்ன?

கட்சி என்று பார்த்தால் அதிகமில்லை. வ்ராயெம் என்று சுருக்கிச் சொல்லும் மலைச்சரிவுக் காட்டில் ஒரு மிச்சக் குழு இருக்கிறது. கொக்கெயின் எடுக்கும் கோகா இலை வியாபாரத்தில் பிழைக்கிறது. குஸ்மானைத் துரோகி என்று ஒதுக்கிவிட்டவர்கள். 2021 மே மாதம், அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றுக்கு இரண்டு வாரம் முன்னால், அங்கே 16 பேர் கொல்லப்பட்டார்கள், குழந்தைகளும் உண்டு. அந்தக் குழுதான் என்று ராணுவம் சொன்னது.

எனக்குத் தினம் காதில் விழுவது ஒரு சொல், ‘தெர்ருக்கோ’. பயங்கரவாதி என்பதற்கு மலைப்பக்கத்துப் பேச்சில் வந்த வடிவம். இப்போது அது யாரையும் ஒட்டவைக்கும் முத்திரை. எங்கள் பட்டறையில் தெற்கு மலையிலிருந்து வந்த வெல்டர் ஒருவர், ஓவர்டைம் பணம் இரண்டு மாதமாக வரவில்லை என்று கூட்டத்தில் எழுந்து கேட்டார். பின்வரிசையிலிருந்து யாரோ தணிந்த குரலில் அந்தச் சொல்லைச் சொன்னார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். அவர் பிறந்தபோது குஸ்மான் சிறைக்குப் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது.

இதற்கு ‘தெர்ருக்கேயோ’ என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். 2021ல் கிராமத்துப் பள்ளி ஆசிரியரான பெத்ரோ காஸ்தில்யோ தேர்தலில் நின்றபோது நாள் முழுக்க அதுதான். வென்று அதிபரான அவர் பதவி 2022 டிசம்பரில் பறிபோனதும் தெற்கில் போராட்டம் வெடித்தது. டிசம்பர் 15 அன்று அயாகுச்சோ விமான நிலையத்தைச் சுற்றி ராணுவம் சுட்டதில் பத்துப் பேர் செத்தார்கள். செத்தவர்களையும் அதே சொல்லால்தான் ஏசினார்கள். குஸ்மான் எந்த மக்களின் பெயரைச் சொல்லி வந்தாரோ அவர்கள் வாயைத் திறந்தால் அடைக்க ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். செங்காற்று, இடதுசாரிகளுக்கு இதைவிடப் பெரிய கேடு யாரும் செய்யவில்லை என்று இங்கிருக்கும் இடதுசாரிகளே சொல்கிறார்கள்.

செங்காற்று எழுதியது:

அது உண்மைதான். மறுக்கவில்லை.

கயல் எழுதியது:

அவர் எப்படிச் செத்தார்? கல்லறை இருக்கிறதா? போய் மாலை போடுகிறவர்கள் யாராவது?

முத்து_லிமா எழுதியது:

கல்லறை இல்லை, தங்கச்சி. 29 வருடம் கைதியாக இருந்து, 2021 செப்டம்பர் 11 அன்று காயாவோ கடற்படைத் தளத்துச் சிறையில் 86 வயதில் செத்தார். (அந்தச் சிறையைக் கட்டுவதில் முன்னால் நின்றவர் ஃபுஜிமோரியின் உளவுத்துறை மூளையான மொந்தேசினோஸ். ஊழல் வெளிவந்த பிறகு அவரும் அதே சிறைக்குப் போனார்!) உடலைக் கேட்டு, அதே இயக்கத்தில் இருந்து அதேபோல ஆயுள் கைதியான மனைவி எலேனா இப்பர்ராகிர்ரே தரப்பிலிருந்து மனு வந்தது. கொடுத்தால் அந்த இடம் கோவிலாகிவிடும் என்ற பயத்தில் நாடாளுமன்றம் அவசரமாக ஒரு சட்டமே போட்டது. செப்டம்பர் 24 விடியற்காலையில் எரித்து, சாம்பலை எங்கோ தூவிவிட்டார்கள். எங்கே என்பது ரகசியம். கூண்டில் நிறுத்திக் காட்டியதும் ஒரு செப்டம்பர் 24தான், 29 வருடம் முன்னால்.

ஃபுஜிமோரியும் 2024 செப்டம்பர் 11 அன்றே செத்தார். மூன்று நாள் துக்கம், அரசு மரியாதை, அஞ்சலி செலுத்த நீண்ட வரிசை. எங்கள் கட்டடத்து வாட்ச்மேன் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் நின்றுவிட்டு வந்தார். ‘எங்கள் தெருவில் குண்டு வெடிக்காமல் செய்தவர்’ என்றார். அயாகுச்சோவிலிருந்து வந்து எங்கள் வீட்டில் சமைக்கும் அம்மா அதைக் கேட்டுக்கொண்டே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் 1984லிருந்து காணவில்லை. எந்தப் பக்கம் கொண்டுபோனது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாட்ச்மேன் போன பிறகு, சாம்பலை எங்கே தூவினார்கள் என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். ‘அதுவும் தெரியாதா’ என்று சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தார்.